உதட்டில் தொடங்கும் மிடறு

(திருவரங்குளத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு. பேசியபடியே அச்சிடப்படுகிறது.)



மேசையில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். பேச வருகிறவருக்குத் தொண்டை காயும் என்று வைப்பது வழக்கம். இன்றைக்கு அது தாகத்துக்கு இல்லை, பாடத்துக்கு. இதோ டம்ளரில் ஊற்றி ஒரு மிடறு குடிக்கிறேன். என்ன பார்த்தீர்கள்? முன்வரிசைத் தம்பி என் கழுத்தைக் காட்டுகிறார். முடிச்சு மேலே போய்க் கீழே இறங்கியதாம். எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும். ஆனால் அந்த முடிச்சு அசைவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது. அந்தப் பாதி நடந்தது உதட்டிலும் நாக்கிலும். நான் பேச வந்தது அந்தப் பாதியைப் பற்றி.

மிடறு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். மிடறு என்றால் தொண்டை. ஒரு மிடறு தண்ணீர் என்றால் ஒரு தடவையில் விழுங்கும் அளவு. உறுப்புக்கும் அளவுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டோம். அழகான சொல்தான். ஆனால் அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றியும் விட்டதோ என்று எனக்குச் சந்தேகம். விழுங்குவது தொண்டையின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால், "தொண்டையில ஏதோ கோளாறு" என்று காது மூக்கு தொண்டை டாக்டரைத் தேடிப் போகிறோம். கோளாறு பல நேரம் தொண்டையில் மட்டும் இருக்காது. வாசல் கதவும் சாத்தியிருக்காது.

நான் பேச்சுப் பயிற்சியும் விழுங்கல் பயிற்சியும் கொடுக்கிறவன். பேச்சுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்றால் ஊரில் புரிந்துகொள்வார்கள். விழுங்குவதற்குப் பயிற்சி என்றால் சிரிப்பார்கள். "அதை யாராச்சும் சொல்லிக் குடுக்கணுமாய்யா?" என்று என் ஒன்றுவிட்ட அத்தையே கேட்டிருக்கிறார். சொல்லிக் கொடுக்காமலே வந்தது என்பதால்தான், போன பிறகு எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று யாருக்கும் தெரிவதில்லை. கருவில் இருக்கும் பிள்ளை பன்னிரண்டு வாரம் வாக்கிலேயே பனிக்குட நீரை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. நாம் மூச்சுவிடுவதற்கு முன்பே விழுங்கியவர்கள்.

இப்போது எல்லோரும் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். ஆள்காட்டி விரலைக் கழுத்து முடிச்சின் மேல் லேசாக வையுங்கள். எச்சிலை விழுங்குங்கள். முடிச்சு விரலுக்கு அடியில் ஏறி இறங்கும். சரி, இன்னொரு தடவை. இந்த முறை கழுத்தை மறந்துவிடுங்கள், வாயைக் கவனியுங்கள். பல்லோடு பல் சேர்ந்ததா? உதடு மூடியதா? நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டதா? மூன்றும் ஒரே நேரத்தில் நடந்த மாதிரி இருக்கும்.

இப்போது வாயை "ஆ" என்று திறந்து வைத்துக்கொண்டு விழுங்கிப் பாருங்கள். உதடு சேரக் கூடாது, பல்லும் சேரக் கூடாது.

சிரிக்கிறீர்கள். முடியவில்லை, அல்லது முடிந்தும் ஏதோ கழுத்தைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கிறது. பல் மருத்துவரிடம் போனவர்களுக்கு இது தெரியும். வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்லிவிட்டு அவர் வேலை பார்ப்பார். எச்சில் குளம் கட்டும். விழுங்க முடியாது. அதற்காகத்தான் உதட்டோரம் ஒரு உறிஞ்சு குழாயை மாட்டிவிடுகிறார்கள். தொண்டையில் யாரும் கை வைக்கவில்லை, உதட்டைத் திறந்து வைத்ததோடு சரி. மிடறு நின்றுவிட்டது.

ஏன் நிற்கிறது? வீட்டில் முறுக்குப் பிழிகிற அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாவைப் போட்டு மேல்கட்டையை வைத்து அழுத்துகிறோம். கட்டை அச்சுக்குள் இறுக்கமாகப் பொருந்தினால் மாவு கீழ்க்கண் வழியாக அழகாக இறங்கும். கட்டை தேய்ந்து போய் இடைவெளி விழுந்திருந்தால்? அழுத்த அழுத்த மாவு கட்டையைச் சுற்றி மேலே பிதுங்கிக்கொண்டு வரும். கை வலிக்கும், முறுக்கு விழாது. வாயில் அழுத்துகிற கட்டை நாக்கு. அச்சின் மேல்கூரை அண்ணம். இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்வது முன்னால் உதடு, பக்கத்தில் கன்னம். உதடு சாத்தவில்லை என்றால் நாக்கு எவ்வளவு தள்ளினாலும் தண்ணீர் முன்னால் வரும். நாக்குக்கு வலுவில்லை என்றால் உதடு எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே போகாது. ஒன்று இன்னொன்றுக்குத் துணை நிற்க வேண்டும்.

அதிலும் ஒரு நுணுக்கம். அண்ணத்தில் ஏழு சின்னச் சின்ன உணரிகளை ஒட்டி, விழுங்கும்போது நாக்கு எங்கே எப்போது அழுத்துகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். முதலில் அழுத்தம் விழுவது முன்னால், மேல்பல்லுக்குப் பின்புறம். அடுத்து இரண்டு ஓரங்களிலும். கடைசியாகத்தான் பின்நடு அண்ணம். நுனியை ஊன்றி, ஓரங்களைச் சாத்தி, நடுவில் ஒரு ஓடை மாதிரி குழித்து, அந்த ஓடையைப் பின்னோக்கிச் சுருட்டிக்கொண்டே போகிறது நாக்கு. பாய் சுருட்டுகிற மாதிரி. இதெல்லாம் ஒரு வினாடிக்குள். பிறகு மெல்லண்ணம் உயர்ந்து மூக்கு வழியை அடைக்கிறது, முடிச்சு ஏறுகிறது, குரல்வளைக்கு மூடி விழுகிறது, மூச்சு நிற்கிறது, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. மூச்சு நின்றது உங்களுக்குத் தெரிந்ததா? இவ்வளவு நாள் தெரியவில்லை அல்லவா. ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு நொடியோ அரை நொடியோ மூச்சு நிற்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 600 தடவை விழுங்குகிறோம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அத்தனை தடவையும்.

தமிழ் வாத்தியார்கள் சிலர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்காக ஒன்று. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்லும் பகுதி. க பிறப்பது அடிநாக்கு அண்ணத்தின் அடியைத் தொடும்போது. ச நடுநாக்கில். ட நுனிநாக்கு அண்ணத்தைத் தொடும்போது. த நுனிநாக்கு பல்லின் அடியில் பரவும்போது. ப இரண்டு உதடும் சேரும்போது. பள்ளிக்கூடத்தில் க ச ட த ப என்று ராகம் போட்டுப் படித்தோம். அந்த வரிசை தொண்டைப் பக்கமிருந்து உதட்டுக்கு வருகிற வரிசை. மூச்சு வெளியே போகிற திசை. (கடைசியில் தனியாக உட்கார்ந்திருக்கிற றகரத்தை இன்றைக்கு விட்டுவிடுங்கள். அதன் கதை வேறு.)

இப்போது அதையே திருப்பிச் சொல்லுங்கள். ப, த, ட, ச, க. உதடு சேர்கிறது, நுனிநாக்கு பல்லடியில் ஊன்றுகிறது, அங்கிருந்து அண்ணம் தொட்டு, நடுநாக்கு எழுந்து, அடிநாக்கு கடைசியில் ஒரு தள்ளு. நீங்கள் இப்போது சொன்னது விழுங்குவதன் வரிசை. பேச்சு உள்ளிருந்து வெளியே, சோறு வெளியிலிருந்து உள்ளே. பாதை ஒன்றுதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பேச்சில் உதட்டை விட்டுவிட்டுப் பிழைக்கலாம். உதடு ஒட்டாமல் பாடும் செய்யுளுக்கு நிரோட்டகம் என்று பெயர். சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன் மேல் ஒரு அந்தாதியையே அப்படிப் பாடி வைத்தார். துறவு அதிகாரத்தின் முதல் குறளைச் சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டாது. விழுங்குவதில் அந்தச் சித்து விளையாட்டு அவ்வளவு லேசில்லை.

"லேசில்லை என்கிறீர்களே, நாங்கள் தினமும் அண்ணாந்துதானே குடிக்கிறோம்? உதடு படுவதே இல்லையே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. செம்பைத் தூக்கிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து ஊற்றுகிறோம். அங்கே உதட்டின் வேலையைப் பூமியின் இழுப்பு எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் தானாக உள்ளே விழுவதால் முன்கதவைச் சாத்த வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அதற்கு விலை உண்டு. விழுகிற தண்ணீரை அடிநாக்கும் மெல்லண்ணமும் பிடித்து நிறுத்தி, மூச்சை அடைத்துவிட்டு, அப்புறம் விட வேண்டும். நல்ல திடகாத்திரமான ஆளுக்கு அது பழக்கம். சின்ன வயதில் பழகும்போது எத்தனை தடவை மூக்கில் ஏறியது என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பழக்கத்துக்கு எச்சில் படக் கூடாது என்ற சுத்தம் ஒரு காரணம். ஒரே செம்பைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ள அது நல்ல வழி. அதற்குள் சாதியும் ஒளிந்திருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. இன்னாருடைய உதடு பட்ட குவளையை நாங்கள் தொடமாட்டோம் என்று வைத்ததும் இதே எச்சில் கணக்கில்தான். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து இறையூரில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததை ஆட்சியரே நேரில் போய்ப் பார்த்தார். உதடு சின்ன உறுப்புதான், அதன் மேல் நாம் ஏற்றி வைத்த பாரம் அதிகம்.

என் அப்பத்தா கதைக்கு வருகிறேன். அப்போது நான் கல்லூரியில் சேரவில்லை. அப்பத்தாவுக்கு ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, வாய் இடப்பக்கமாகக் கோணிவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரைச் சீட்டு இருந்தது. கை கால் நீவிவிட எண்ணெய் வாங்கினோம். எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, தலைக்கு அடியில் ஒரு கை கொடுத்து, எங்கள் வழக்கப்படி வாயை அண்ணாக்கித் தண்ணீரை ஊற்றினோம். வலது கடைவாய் வழியாகப் பாதி ஒழுகியது. மீதி உள்ளே போனதும் இருமல். கண் பிதுங்கும். உடனே என் சின்னம்மா உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்கத்தா, யாரோ நினைக்கிறாங்க" என்பார். பேரன் பேத்திகள் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லுவோம். எந்தப் பெயரில் இருமல் நிற்கிறதோ அவர்தான் நினைத்தவர்.

நினைத்தவர் யாருமில்லை. புரை ஏறியது. கடைவாய் வழியாக ஒழுகியது, உதட்டை மூடும் தசைக்கு ஆணை போகவில்லை என்பதற்கு அடையாளம். உதட்டுக்கு உத்தரவு கொண்டுபோவது ஏழாவது மூளை நரம்பு, நாக்குக்குப் பன்னிரண்டாவது, தாடைக்கு ஐந்தாவது, தொண்டைக்கு ஒன்பதாவதும் பத்தாவதும். ஐந்து நரம்பும் மூளைத்தண்டில் ஒரு இடத்தில் கூடிப் பேசித்தான் ஒரு மிடறு இறங்குகிறது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் அந்தப் பேச்சு குழம்பிவிடும். பக்கவாதம் வந்த முதல் சில நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் கோளாறு இருக்கும். அந்த நிலைமையில், சுகமான ஆளுக்கே சிரமமான அண்ணாந்த நிலையை நாங்கள் அப்பத்தாவுக்குக் கொடுத்தோம். உதட்டுக் கதவு இல்லை, நாக்குக்குப் பிடித்து நிறுத்தும் வலு இல்லை, தண்ணீர் மட்டும் வேகமாக இறங்குகிறது. குரல்வளை மூடுவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிடும்.

கொஞ்ச நாளில் இருமல் நின்றுவிட்டது. தேறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம். சிலருக்கு உணர்வே மரத்துப்போய், மூச்சுக்குழாயில் தண்ணீர் போனாலும் இருமல் வராது என்பதை நான் படித்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து. அப்பத்தா நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகப் போய்ச் சேர்ந்தார். கடைசி நாளில் ஊர் வழக்கப்படி ஆளுக்கு ஒரு பாலாடை பால் ஊற்றினோம். நானும் ஊற்றினேன். அந்த வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது யாராவது கேட்டால் உதட்டை மட்டும் நனையுங்கள் என்று சொல்கிறேன். பால் பால்தான், உதட்டில் பட்டாலும்.

பாலாடை என்றதும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். உதடு இரண்டும் மீன்வாய் மாதிரி விரிந்து மார்பைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். நாக்கு கீழே கிண்ணம் போலக் குழியும். நாக்கு கீழே இறங்கும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, பால் வருகிறது. நாக்கு பிழிந்துதான் பால் வருகிறது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்தவர்கள், நாக்கு மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்தில்தான் இழுப்பு உச்சத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். உதடு கொஞ்சம் விலகினாலும் காற்றுப் புகுந்து அந்த இழுப்பு போய்விடும். டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஒட்டுதல் சரியில்லை என்று செவிலியர் சொல்வது அதனால்தான்.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் சேர்ந்து ஒரு தாளத்துக்கு வர, சுமார் 34 வாரக் கருவளர்ச்சி வேண்டும். அதற்கு முன்பே பிறந்த பிள்ளைகளுக்கு மார்பில் இழுக்க முடியாதபோது கிண்ணத்தாலோ பாலாடையாலோ கரண்டியாலோ பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம் பாலாடை உலகத்துக்குப் போயிருக்கிறது, பெருமைதான். ஆனால் எப்படிக் கொடுப்பது? பிள்ளையை நிமிர்த்தி வைத்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் லேசாக வைத்து, பிள்ளையே நாக்கை நீட்டி நக்கி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். காலில் படுக்கப் போட்டு, வீறிட்டு அழும் நேரம் பார்த்து, வாய் திறந்திருக்கிறதே என்று உரைமருந்தைச் சங்கில் ஊற்றுகிறோமே, அது கூடாது. அழும்போது உதடு திறந்திருக்கிறது, மூச்சு உள்ளே இழுக்கிறது. மருந்து போகிற இடம் வயிறு இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். நீங்கள் வாழ்கிற இடம் விசேஷமான இடம். பக்கத்தில் வம்பனில் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம். வம்பன் 8 என்று உளுந்து ரகத்துக்கே ஊர்ப் பெயர். அந்தப் பக்கம் வடகாடு, கீரமங்கலம் என்றால் பலாப்பழம். ஊர்க் கோயில் கதையில் பொற்பனை. இவற்றை வைத்தே விழுங்கும் பாடம் முழுவதையும் நடத்திவிடலாம்.

உளுந்தங்களி வாயில் ஒன்றாகத் திரண்டு நிற்கும், மெதுவாக நகரும், நாக்கு சிதறாமல் தள்ளிவிடும். அந்தச் சாந்தமான ஓட்டம்தான் பலவீனமான நாக்குக்கு வேண்டியது. கெட்டியாகக் கிளறினால் மட்டும் அண்ணத்தில் அப்பிக்கொள்ளும், அதனால் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு இளக்கிக் கொடுங்கள். ஜப்பானில் புத்தாண்டுக்கு மோச்சி என்ற அரிசிக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டு வருடா வருடம் வயதானவர்கள் தொண்டை அடைத்து இறக்கிறார்கள். ஒட்டும் பண்டம் நாக்கு வலுவைச் சோதிக்கும். பலாச்சுளை நேர் எதிர். வழுக்கும், நார் இருக்கும், மெல்லாமலே பின்னால் ஓடும். பனங்கிழங்கின் நாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நோயாளிக்கு நல்லது என்று எல்லா வீட்டிலும் கொடுக்கிற ரசம் சாதம் இருக்கிறதே, என் அனுபவத்தில் அதுதான் மகா சிக்கல். வாயில் போட்டதும் ரசம் ஒரு பக்கம் ஓடும், பருக்கை ஒரு பக்கம் நிற்கும். நாக்கு பருக்கையைத் திரட்டிக்கொண்டிருக்கும்போது ரசம் தொண்டைக்குப் போய்விடும். குழைய மசித்து ஒன்றாக்கிக் கொடுங்கள். தண்ணீரைவிடக் கஞ்சி சுலபமாக இறங்குவதும் இதே காரணத்தால்தான். கெட்டித்தன்மைக்கு இப்போது சர்வதேச அளவுமுறையே வந்துவிட்டது, பூஜ்யத்திலிருந்து ஏழு வரை படிகள். பத்து மில்லி சிரிஞ்சில் கஞ்சியை நிரப்பி, பத்து வினாடி ஒழுகவிட்டு, மீதி எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து எந்தப் படி என்று சொல்கிறார்கள். நம் பாட்டிமார் கரண்டியைச் சாய்த்து ஒழுகவிட்டுப் பார்த்தது அதே கணக்குதான்.

நிலக்கடலையைப் பற்றி இந்தப் பகுதியில் சொல்லாமல் போனால் பாவம். நாலு வயது ஆகாத பிள்ளைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள். மெல்லும் கடைவாய்ப் பல் முழுதாக முளைத்திருக்காது, நாக்கு இன்னும் முரட்டுத்தனமாகத்தான் தள்ளும். சிரிக்கும்போதோ ஓடும்போதோ அது மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்தால், குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். அரைத்துக் கொடுங்கள். யாருக்காவது அடைத்து மூச்சே வரவில்லை என்றால் தலையில் தட்டாதீர்கள். குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து அடி, வரவில்லை என்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து மேல்வயிற்றை உள்நோக்கி மேலே ஐந்து அழுத்தம், மாற்றி மாற்றி. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது, நெஞ்சில்தான். இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும்.

வெற்றிலை போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், வாயைப் பார்த்தாலே தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். வெறும் பாக்கே புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்துவிட்டது. புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாக்கு வருடக்கணக்கில் கன்னத்துக்குள் நார் கட்டச் செய்யும். வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காது, உதடு விறைக்கும், நாக்கு நீளாது. நாக்கின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தவர்களுக்கு நான் விழுங்கப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர், மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு உட்கார்ந்து படித்த பெண். அந்த ஊர்க்காரர்கள் நாம். பொட்டலத்தை இங்கேயே போட்டுவிட்டுப் போனால் நல்லது.

பயிற்சி என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் உட்கார்ந்து "பா, தா, கா, ரா" என்று உரக்கச் சொல்கிறார்கள். பா உதட்டுக்கு, தா நுனிநாக்குக்கு, கா அடிநாக்குக்கு, ரா நாக்கைச் சுருட்டித் தட்ட. நாம் சற்று முன் சொன்ன அதே ப, த, க. அங்கே வாய்வலு குறைந்ததா என்று பார்க்கும் சோதனையிலும் இது உண்டு. பா, தா, கா ஒவ்வொன்றையும் தனித்தனியே வேகமாகச் சொல்லச் சொல்வார்கள். ஏதாவது ஒன்று வினாடிக்கு ஆறுக்குக் கீழே போனால் குறி போட்டுக்கொள்வார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நம் ஊர் லயம் ஞாபகம் வந்தது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. அந்தப் பரம்பரையின் அரிச்சுவடியே "தகதிமி". சொல்லிப் பாருங்கள். த நுனிநாக்கு, க அடிநாக்கு, தி மறுபடி நுனி, மி உதடு. உதடும் நாக்கின் இரண்டு முனையும் நாலே எழுத்தில். எனக்குத் தெரிந்து யாரும் இதை நோயாளிகளிடம் அளந்து பார்த்து எழுதவில்லை, அதனால் மருந்து என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் வருகிற பெரியவர்கள் பா தா கா-வை மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள், தகதிமியை விடுவதில்லை. பேரப்பிள்ளை கைதட்டித் தாளம் போட்டால் இரண்டாம் காலத்துக்கும் போகிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை இன்னொன்று. அரை நிமிடத்தில் எத்தனை தடவை எச்சில் விழுங்க முடிகிறது என்று எண்ணுங்கள், கழுத்து முடிச்சில் விரல் வைத்து. வயதானவர்கள் மூன்று தடவைக்குக் குறைந்தால் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வாயைச் சுத்தமாக வையுங்கள், பல் இல்லாவிட்டாலும் ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடையுங்கள். முதியோர் இல்லங்களில் வாயைத் தினமும் சுத்தம் செய்தாலே நிமோனியா குறைகிறது என்று 1999இல் லான்செட் மருத்துவ இதழில் ஜப்பானியர் எழுதினார்கள். புரை ஏறும் எச்சிலில் கிருமி குறைவாக இருந்தால் நெஞ்சு பிழைக்கும்.

கடைசியாக, கரண்டியில் ஊட்டுவது. அந்த மேடையோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஐயா கொஞ்சம் வருகிறீர்களா? நன்றி. பாருங்கள், முதலில் நிமிர்ந்து உட்கார வைக்கிறேன். பாதம் தரையில். முகவாய் சற்றே நெஞ்சுப் பக்கம் தாழ்ந்து. எல்லோருக்கும் இந்தத் தாழ்ந்த நிலை பொருந்தாது, ஆனால் அண்ணாந்த நிலை யாருக்கும் வேண்டாம். நான் நிற்கவில்லை, அவர் கண் மட்டத்துக்கு உட்கார்கிறேன். நான் நின்றுகொண்டு கொடுத்தால் அவர் அண்ணாந்துதான் ஆக வேண்டும். சின்னக் கரண்டி, பாதிதான் கஞ்சி. கரண்டி கீழேயிருந்து வருகிறது. நாக்கின் முன்பாகத்தில் வைத்து லேசாக அழுத்துகிறேன். இப்போது காத்திருக்கிறேன். மேலுதடு இறங்கி வந்து கரண்டியை மூடுகிறது, பாருங்கள். அது மூடின பிறகுதான் கரண்டியை நேராக உருவுகிறேன். மேல்பல்லில் தேய்த்து வழித்துவிடக் கூடாது, அப்படிச் செய்தால் உதட்டின் வேலையை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். ஒரு பக்கம் உதடு சாத்தவில்லை என்றால் இதோ இப்படி ஆள்காட்டி விரலைக் கீழுதட்டுக்கு அடியில் வைத்து ஏந்திக் கொடுங்கள். முடிச்சு ஏறி இறங்குகிறது. இன்னும் அடுத்த கரண்டி இல்லை. ஐயா, "அம்மா" என்று சொல்லுங்கள்.

கேட்டீர்களா? குரல் தெளிவாக இருக்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி குரல் கேட்டால் குரல்நாண் மேல் ஏதோ தங்கியிருக்கிறது. இன்னொரு தடவை விழுங்கச் சொல்லுங்கள், லேசாக இருமச் சொல்லுங்கள், சரியாகவில்லை என்றால் அன்றைக்கு அந்தச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். சாப்பிட்டு முடித்து அரைமணி நேரம் படுக்கவைக்காதீர்கள். வாய் கோணியது, பேச்சுக் குழறுகிறது, கை விழுந்தது என்றால் சோதனையெல்லாம் வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காமல் வண்டியேற்றுங்கள்.

கேள்விகள் இருந்தால் இருந்து பதில் சொல்கிறேன். வாசலில் தட்டாம்பயறு சுண்டல் வைத்திருப்பதாக நிர்வாகிகள் சொல்கிறார்கள். நின்றுகொண்டு பேச்சுக்கிடையே வாயில் போடாதீர்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். பல் இல்லாத பெரியவர்களுக்குத் தனியாக ஒரு பாத்திரத்தில் மசித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், வலது ஓரத்தில் இருக்கிறது.